என்ன கலர் எரியுது

பதினொரு மணிக்கு டிவியைப் போட்டு, வழக்கமாக அழுத்துகிற பட்டனை அழுத்தினால் ‘சாதனம் கிடைக்கவில்லை’ என்று வந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் அதே. கிடைக்காமல் எங்கே போகும், கூடத்து அலமாரியில் ரவுட்டருக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறது, இரண்டு தீபாவளிக்கு முன்னால் மாப்பிள்ளை தினகர் ஓசூரிலிருந்து கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து அது அந்த இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. ஒரு பிரெட் பாக்கெட் அளவு கறுப்புப் பெட்டி, உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டிலிருக்கிற எந்த போனிலிருந்தும், டிவியிலிருந்தும், அதற்குள் போய்ப் பார்க்கலாம் என்றார் மாப்பிள்ளை. எங்கள் கல்யாண ஆல்பம், மகள் சுகன்யா பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றது, அவள் கல்யாண வீடியோ எல்லாவற்றையும் இரண்டு நாள் உட்கார்ந்து ஏற்றிவிட்டார். தமயந்தி அதை டப்பா என்பாள். “டப்பா மேல துண்டைப் போடாதீங்க, காத்துப் போகணுமாம்.” எனக்கு அதிலிருந்து வேண்டியது ஏழு நிமிஷம் பன்னிரண்டு விநாடி மட்டும். புதுப் போன் வாங்கிய அன்று, வீடியோ எப்படி எடுக்கும் என்று பார்க்க சமையலறை வாசலில் நின்று எடுத்தது. தமயந்தி தரையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்கிறாள். முகம் சரியாக விழவில்லை, கதவு மறைக்கிறது. ஒரு தோள், ஒரு கை, கையிலிருந்து முறத்துக்குப் போகிற பூ, அப்புறம் குரல். குரல் மட்டும் முழுசாக இருக்கிறது. பக்கத்து வீட்டு மார்சலின் டீச்சரின் நாய் யாரோ ஒருத்தர் வீட்டுக் கல்யாணப் பந்திக்குள் புகுந்த கதையைச் சொல்கிறாள், கதை முடிவதற்கு முன்பே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். நடுவில் “கேக்கறீங்களா?” என்கிறாள். ‘ம்’ என்கிறேன். கடைசியில் “என்ன, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?” அதற்கும் ஒரு ‘ம்’. அத்தோடு முடிந்துவிடுகிறது. எடுத்த போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து போய்விட்டது, இப்போது அது இருப்பது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். தமயந்தி சுகன்யாவின் பிரசவத்துக்கென்று ஓசூர் போய்ப் பதினோரு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மட்டும் அதைப் பார்ப்பேன். தினமும் பார்த்தால் பழகிப்போகும், பழகிவிட்டால் அப்புறம் எதைப் பார்ப்பது.

எழுந்து அலமாரிக்குப் போனேன். பெட்டியின் முகத்தில் கடுகளவுக்கு ஒரு துளை, அதற்குள் விளக்கு. விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. நேற்று வரைக்கும் நிலையாகத்தான் எரிந்தது, அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன், எரிகிற விளக்கை யார் தினம் உற்றுப் பார்க்கிறார்கள். பெட்டிக்கு மேலே சுவரில் மாப்பிள்ளை ஒரு தாள் ஒட்டியிருக்கிறார், மாமாவுக்கும் அத்தைக்கும் புரிகிற மாதிரி தமிழில், கொட்டை எழுத்தில். பச்சை நின்று எரிந்தால் எல்லாம் சரி. பச்சை விட்டு விட்டு எரிந்தால் ஒயரைப் பிடுங்கி மாட்டவும். ஆரஞ்சு விட்டு விட்டு எரிந்தால் எக்காரணம் கொண்டும் அணைக்க வேண்டாம், உடனே எனக்கு போன் செய்யவும். சிவப்பு விட்டு விட்டு எரிந்தால் சூடு, உடனே சுவிட்சை அணைக்கவும், தாமதித்தால் டிஸ்க் போய்விடும். எக்காரணம் கொண்டும் என்பதற்கு அடியில் இரண்டு கோடு, உடனே என்பதற்கு அடியிலும் இரண்டு கோடு. குனிந்து பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். போட்டுக்கொண்டு பார்த்தேன். ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கிப் பார்த்தேன். விளக்கு எரிகிறது, அணைகிறது, எரிகிறது. கருப்பட்டிக் காப்பியை வெயிலில் தூக்கிப் பிடித்தால் தெரியுமே, அந்த மாதிரி ஒரு நிறம். அது பச்சையாக இருக்கலாம், ஆரஞ்சாக இருக்கலாம், சிவப்பாகவும் இருக்கலாம். மூன்றும் எனக்கு ஒன்றுதான். ரோட்டில் சிக்னல் என்றால் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ, இடத்தை வைத்துச் சமாளித்துவிடலாம், நாற்பது வருஷமாக அப்படித்தான் வண்டி ஓட்டுகிறேன். இங்கே எல்லா நிறத்துக்கும் ஒரே துளை. இதைச் செய்தவனுக்கு என்னைப் போல ஒருத்தன் வீட்டுக்கு இது போகும் என்று தோன்றவேயில்லை.

அன்றைக்கு அந்த டாக்டரும் இப்படித்தான், முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். ரயில்வே ஆஸ்பத்திரி, எனக்கு இருபது வயது, பொன்மலையில் அப்போது யாரைப் பார்த்தாலும் ரயில்வே, அப்பா எஞ்சின் டிரைவர், நானும் எஞ்சினில்தான் ஏறப்போகிறேன் என்று தெருவுக்கே தெரியும். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன், எடை, நெஞ்சளவு, காது எல்லாம் சரி. டாக்டர் கலர் தெரிகிறதா என்று பார்க்கிற ஒரு புத்தகத்தைப் பிரித்து “என்ன நம்பர் தெரியுது?” என்றார். பக்கம் முழுக்கப் பொட்டு பொட்டாக, முறத்தில் கேழ்வரகைப் பரப்பிவைத்த மாதிரி. நம்பர் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். எனக்குப் பின்னால் நின்றவன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “எழுபத்தி நாலு சார்” என்று சத்தமாகச் சொன்னான், டாக்டர் அவனைத் திட்டினார், பிறகு என்னைப் பார்த்தார், திட்டவில்லை. அந்தப் பார்வை எனக்கு இன்னும் பிடிக்காது. வெளியே அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வீடு வரைக்கும் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தார். ஆர்மரி கேட் தாண்டினதும் சொன்னார்: “யார்கிட்டயும் சொல்லாதே. வேற வேலைக்குப் போறான்னு சொல்லிக்கலாம். நாளைக்குப் பொண்ணு தர மாட்டான்.” அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிப் பேசியது. செத்துப்போகிறவரைக்கும் வேறொரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. துவாக்குடியில் ஒரு கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலைக்குச் சேர்ந்தேன், பென்சில், வெள்ளைத்தாள், கறுப்புக் கோடு, நிம்மதி. பிறகு கம்ப்யூட்டர் வந்து கோடுகளுக்கெல்லாம் நிறம் வந்தது. சிவப்புக்கு நம்பர் ஒன்று, பச்சைக்கு மூன்று என்று மனப்பாடம் செய்துகொண்டு ஓய்வு பெறும்வரை ஒருத்தருக்கும் தெரியாமல் ஓட்டிவிட்டேன். தமயந்திக்கும் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போனபோது சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் ஒருவேளை அவள் அப்பா வேண்டாம் என்றிருப்பார், கல்யாணமான பிறகு சொல்லியிருக்கலாம், சொன்னால் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று வரும், அப்புறம் ஒரு வருஷம், அப்புறம் பத்து வருஷம், நாளாக ஆகச் சொல்லவேண்டியது விஷயத்தை அல்ல, சொல்லாமலிருந்த வருஷங்களை என்றாகிவிட்டது.

நல்லவேளை அவள் எதையும் இரண்டு தடவை சொல்கிறவள். பச்சை வாளியை எடுங்க, குழாய்க்கு அடியில இருக்கே, அது. சிவப்பு மூடி போட்ட டப்பா, மேல் தட்டுல ஓரமா. பீரோவில் என் அந்த அரக்குப் புடவையை எடுத்துக் குடுங்க, மேலேயிருந்து மூணாவது. தக்காளி வாங்கும்போது அமுக்கிப் பாத்து மெத்துன்னு இருக்கறதா எடுங்க. எத்தனை தடவை எரிச்சலாக வந்திருக்கிறது. “ஒரு தடவை சொன்னாப் போதாதா?” என்றுகூட ஒருநாள் கேட்டுவிட்டேன். “எம் பழக்கம் அது” என்றாள், சிரித்தாள். இந்தப் பதினோரு மாதத்தில் மூன்று தடவை காயாகவே தக்காளி வாங்கி வந்தேன். அமுக்கிப் பார்க்க மறந்துபோகிறது, சொல்வதற்கு ஆளில்லை. இப்போது எதற்குத் தக்காளி ஞாபகம் வருகிறது. பெட்டி மேல் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. எப்போதுமே இப்படித்தான் இருக்குமா, இதற்கு முன்னால் தொட்டுப் பார்த்திருக்கிறேனா? காதை வைத்தேன். உள்ளே ஏதோ ஒன்று கரகரவென்று ஓடியது, நின்றது, ஓடியது. அவள் குரல் அங்கேதான் எங்கேயோ இருக்கிறது, சுற்றுகிற ஒரு தகட்டின் மேல், சூட்டில். சிவப்பாக இருந்தால் நான் நின்று யோசிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அது கருகிக்கொண்டிருக்கிறது. ஆரஞ்சாக இருந்து நான் பயந்து அணைத்துவிட்டால், என் கையாலேயே போய்விடும். பச்சையாக இருந்தால் இத்தனையும் வெறும் ஒயர்.

மார்சலின் டீச்சரைக் கூப்பிட்டு ஒரு நிமிஷம் பார்க்கச் சொன்னால் முடிந்தது. டீச்சர், இது என்ன கலர்? நாலே வார்த்தை. செருப்பை மாட்டிக்கொண்டு போய் மணியை அடித்துவிட்டேன். டீச்சர் கோயிலுக்குப் போய் வந்த புடவையோடு கதவைத் திறந்தார், கையில் கரண்டி. “வாங்க கிருபா சார். என்ன, மேடம் வந்துட்டாங்களா?” “இல்ல டீச்சர்.” “இன்னும் வரலையா? பாப்பாவுக்கு வயசே ஒண்ணு ஆகப்போகுதே.” “ஆமா டீச்சர்.” அவர் காத்திருந்தார். உள்ளே நாய் குரைத்தது. இது என்ன கலர் என்றால், ஏன் சார் உங்களுக்குத் தெரியலையா என்பார், அவர் அப்படிக் கேட்காமலும் இருக்கலாம், கேட்காமல் அந்த டாக்டர் மாதிரி பார்க்கலாம். “இன்னைக்குப் பேப்பர் வந்துச்சா டீச்சர்? எங்க வீட்டுக்குப் போடல.” “வந்துச்சே, இருங்க.” பேப்பரை வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டு வாசலில் எங்கள் பேப்பர் கிடந்தது. இரண்டு பேப்பரோடு அலமாரி முன்னால் நின்றேன். விளக்கு எரிந்தது, அணைந்தது. அறுபது வயது ஆளுக்கு இது என்ன வெட்கம், நான் என்ன கொலையா செய்தேன், யார் வீட்டிலாவது திருடினேனா? ஆனாலும் நாக்கு அந்த இடத்துக்கு வந்தால் நின்றுவிடுகிறது, எதைச் சொல்லவேண்டியிருந்தாலும் அந்த இடத்துக்கு வந்தால் நின்றுவிடுகிறது. அவள் போகும்போது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகச் சொன்னாள்: “மூணு மாசம். ஆனா நீங்க கூப்பிட்டாத்தான் வருவேன். முப்பது வருஷமா உங்க மனசுல என்ன இருக்குன்னு நானே ஊகிச்சு ஊகிச்சு அலுத்துப்போச்சு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அதனால் அதைச் சும்மா சொன்னதாக எடுத்துக்கொண்டேன், அல்லது அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. மூன்று மாதம் முடிந்ததும் போனில் “இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டுமா?” என்றாள். சரி என்றேன். ஐந்தாம் மாதம் கேட்டாள், சரி. எட்டாம் மாதம் கேட்கவில்லை. சுகன்யாதான் ஒருநாள் தனியாகப் பேசினாள். “ஏம்ப்பா, அம்மாவை வான்னு ஒரு தடவை சொல்ல மாட்டீங்களா?” “அவளுக்கே தெரியும்மா.” “என்னப்பா தெரியும்?” அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

சூடு ஏறுகிற மாதிரி இருந்தது. கை வைத்துக்கொண்டே இருந்தால் எதுவும் சூடாகத்தான் தெரியும். சிவப்புதான், சிவப்பாகத்தான் இருக்கவேண்டும், இவ்வளவு வேகமாக அடித்துக்கொள்கிறதே. சுவிட்சில் விரலை வைத்தேன். வைத்த விரலை எடுக்காமலே இன்னொரு கையால் மாப்பிள்ளை நம்பரைப் போட்டேன், டப்பா தகராறு பண்ணுகிறது, என்ன செய்வது என்று பொதுவாகக் கேட்டுக்கொள்ளலாம், நிறத்தைத் தொடாமல். “ஹலோ” என்றது தமயந்தியின் குரல். வீடியோவில் இல்லாத, இப்போது பேசுகிற குரல். இரண்டு வாரமாகியிருந்தது கேட்டு. “நான்தான்” என்றேன். “தெரியுது. மாப்பிள்ளை குளிக்கப் போயிருக்காரு. என்ன, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” “இல்ல. டப்பா வேலை செய்யல. லைட்டு விட்டு விட்டு எரியுது.” “இருங்க” என்று குளியலறைப் பக்கம் போய்க் கதவைத் தட்டிச் சொல்வது கேட்டது. உள்ளேயிருந்து மாப்பிள்ளை கத்தினார்: “என்ன கலர் எரியுதுன்னு மாமாகிட்ட கேளுங்க அத்தை!” என் விரல் சுவிட்சில் இருந்தது. இதோ கேட்கப்போகிறாள், ஏதாவது ஒன்றைச் சொல்லவேண்டும், சிவப்பு என்று சொல்லிவிடலாம், மூன்றில் ஒன்று. அவள் கேட்கவில்லை. “போன்ல ஒண்ணும் சரியாக் கேக்கல மாப்பிள்ளே, நான் வீடியோவுல பாத்தே சொல்லிடறேன்” என்றாள். எனக்குத் துல்லியமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, அவளுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், “கேமராவைப் போட்டு லைட்டுக்கிட்ட பிடிங்க” என்றாள். பிடித்தேன். “இன்னும் கிட்ட. கை ஆடுது. ம், போதும்.” திரும்பிக் கத்தினாள்: “ஆரஞ்சு மாப்பிள்ளே! விட்டு விட்டு எரியுது!” “ஐயோ, அணைச்சிட வேணாம்னு சொல்லுங்க! ஒரு டிஸ்க் போயிருக்கும், ரெண்டுலயும் ஒண்ணேதான் பதிவாகும், இன்னொண்ணுல எல்லாம் பத்திரமா இருக்கும், அது தன்னைச் சரிபார்த்துக்கிட்டிருக்கும். தொடாம விட்டாலே போதும்!” சுவிட்சிலிருந்து விரலை எடுத்தேன்.

“கேட்டீங்களா? அணைக்காதீங்க” என்றாள். ஏன் கலர் கேட்கவில்லை இவள், மாப்பிள்ளை கேட்கச் சொன்னதைக் கேட்காமல் அவரிடம் ஏன் பொய் சொன்னாள்? வாளி, குழாய்க்கு அடியில. புடவை, மேலேயிருந்து மூணாவது. “தமயந்தி” என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. “எனக்குச் சிவப்பு, பச்சை எல்லாம் வித்தியாசம் தெரியாது. பொறவியிலேயே.” ஓசூரில் குழந்தை ஏதோ தட்டுவது கேட்டது. “தெரியும்” என்றாள். “எப்போலேர்ந்து?” “கல்யாணம் ஆன மூணாம் மாசம். அரக்குப் புடவைக்கு ரவிக்கைத் துணி வாங்கிட்டு வாங்கன்னேன், பாட்டில் பச்சையில வாங்கிட்டு வந்து, நீ கேட்ட அதே அரக்குன்னு அவ்வளவு சந்தோஷமாக் குடுத்தீங்க.” “நீ அதைத் தச்சுப் போட்டுக்கிட்டியே.” “உங்க தம்பி கல்யாணத்துக்கே போட்டுக்கிட்டேன். உங்க சித்தி எல்லார் முன்னாடியும் கேட்டாங்க, என்னடி இது, அரக்குக்குப் பச்சைன்னு. எனக்கு இப்படித்தான் பிடிக்கும்னு சொல்லிட்டேன்.” “ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?” “நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். கொஞ்ச வருஷம் அதுக்காகவே காத்திருந்தேன். அப்புறம் கோவமா வந்துச்சு. அப்புறம் அதையும் விட்டுட்டேன்.” சாதாரணமாகத்தான் சொன்னாள். முப்பது வருஷம் என்னோடு ஒரே வீட்டில், நான் மறைத்ததை அவளும் சேர்ந்து மறைத்திருக்கிறாள், என்னிடமிருந்தே.

அதற்குள் மாப்பிள்ளை வந்து போனை வாங்கினார். “பயப்படாதீங்க மாமா, ஒண்ணும் போகலை. போன டிஸ்க்குக்குப் பதிலாப் புதுசு ஒண்ணு கூரியர்ல அனுப்பறேன், வந்ததும் நான் வீடியோவுல சொல்லச் சொல்ல நீங்களே மாட்டிடலாம், சுலபம்தான்.” சரி மாப்பிள்ளே என்றேன். போன் திரும்ப அவள் கைக்குப் போனது. “அப்ப வச்சிடட்டுமா? சாப்பிடுங்க நேரத்துக்கு.” “எப்ப வர்றே?” என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. “பாப்பாவுக்கு மொத பிறந்தநாள் வருது. அது முடியட்டும். ஒரு மாசம் ஆகும்.” சரி என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை சுலபமான வார்த்தை அது, சொல்லிவிட்டால் அத்தோடு போனை வைத்துவிட்டு இரண்டு பேப்பரையும் படிக்கலாம். “ஒரு மாசம் எனக்கு அதிகம்” என்றேன். “என்ன சொன்னீங்க?” “ஒரு மாசம்லாம் என்னால இருக்க முடியாது. வீட்ல பேச்சுச் சத்தமே இல்ல. காலைல எழுந்தா எந்த ரூமுக்குப் போறதுன்னு தெரியல. நீ வா.” மேலே பேசத் தெரியவில்லை, அதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை. அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, “மாப்பிள்ளே, கூரியர் வேணாம். அந்த டிஸ்க்கை இன்னைக்கே வாங்கி எங்கிட்ட குடுங்க. நாளைக்குக் காலைல என்னைச் சேலம் பஸ்ல ஏத்திவிட்டுடுங்க, அங்கேர்ந்து மாறி வீட்டுக்குப் போயிடறேன்” என்றாள். “என்ன அத்தை, பாப்பா பிறந்தநாளு?” “அதுக்கு ரெண்டு பேருமா வந்துடறோம்” என்று சொல்லிவிட்டு என் பக்கம் வந்தாள். “இன்னும் அந்த டப்பாவையே காட்டிட்டிருக்கீங்க. கேமராவைத் திருப்புங்க, உங்களைப் பாக்கணும்.” ஒரு நிமிஷம் இரு என்று சொல்ல நினைத்தேன். முகத்தைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே திருப்பினேன்.